சாரத்தின்மேல் நிற்பான் உயிர்

மாடம் எழுப்புதற்கு முதல் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அதனை எழுப்புவான் உயிரைக் காத்தற்கும் முதல் வேண்டும் என்பதை உணர்ந்தோர் சிலரே. செங்கல், மணல், சிமெண்டு, கம்பி ஆகியவற்றிற்குக் கணக்கெழுதும் நாம், சாரத்தின் உறுதிக்கும், அதன்மேல் நிற்பான் இடையிற் கட்டும் வாருக்கும் கணக்கெழுதுகின்றோமா? இதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரில் கோல்டன் கேட் என்னும் தொங்குபாலம் 1933-இல் தொடங்கி 1937-இல் முடிந்தது. பத்து இலக்கம் டாலர் செலவிற்கு ஓர் உயிர் போம் என்பது அக்காலத்து ஒப்பந்தக்காரர் கொண்ட கணக்கு. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்டிராஸ் அக்கணக்கிற்கு ஒருப்படாராய்ப் பாலத்தின்கீழ் வலை கட்டுவித்தார். வலைக்கு ஏறக்குறைய 1,30,000 டாலர்; பாலத்திற்கோ ஏறக்குறைய மூன்றரைக் கோடி டாலர். நூற்றுக்கு அரைப்பங்கும் ஆகாத இச்செலவு 19 பேரை உயிருடன் மீட்டது. ஆயினும் 1937 பெப்ரவரியில் மேடையொன்று கழன்று வலையைக் கிழித்து வீழ, பதின்மர் மாண்டனர். வலை இருப்பினும் மேடையின் பிணிப்பை நாடோறும் சோதித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்தின்பின் பொருள் தர வகைசெய்தது. 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஆலையைக் காத்ததேயன்றிக் கட்டட வேலையிடத்தைக் காக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் தோன்றின. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிற் பல்லாண்டு நடந்த முயற்சிக்குப்பின், 1996-இல் நாடு முழுமைக்குமான கட்டடத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு அதனைத் தன்னுள் அடக்கிற்று.

சட்டம் இருந்தும் உயிர்ச்சேதம் நின்றபாடில்லை. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். எட்டு நாளில், நம் திருவள்ளூர் மாவட்டத்து உப்பரபாளையத்திற் கிடங்கின் மதில் மழையில் வீழ்ந்து, அதனருகே குடிசையில் உறங்கிய 11 பேரைக் கொன்றது. 2025 செப்டம்பர் 30-இல் எண்ணூர் அனல்மின் நிலைய வேலையிற் சாரம் சரிந்து, அசாமிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் உள்ளிட்ட ஒன்பதின்மர் உயிர்நீத்தனர். மாநில அரசு தலைக்குப் பத்து இலக்கம் ரூபாய் அறிவித்தது. வீழ்ந்தபின் ஈயும் பொருள் உயிரை மீட்குமோ?

இக்கேட்டின் மூலம் யாது? குறைந்த தொகை கேட்பானுக்கே வேலை கிடைக்கின்றது. காப்புச் செலவைச் சேர்த்துக் கேட்கும் நல்லோன் தோற்கின்றான். அதனை நீக்கிக் கேட்பான் வெல்கின்றான். ஆகவே பழி ஒப்பந்தக்காரனை மட்டும் சார்வதன்று. வேலை கொடுப்போனையும் சாரும். சாரம், வலை, வார், தலைக்கவசம், தங்குமிடம் என்பவற்றைத் தனியினமாக எழுதி, அத்தொகையை எவரும் குறைத்தற்கில்லை என விதித்தால் இப்போட்டி ஒழியும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுப்புறங்களிலும் நம்மவருட் பலர் ஒப்பந்தம் எடுக்கின்றனர். வேறு பலர் வீடு கட்டுகின்றனர். வடநாட்டிலிருந்து வந்து நம் சுவரில் ஏறுவோன் நம் குலத்தானல்லன் என்று எண்ணற்க. அவனுக்கும் வழிநோக்கும் தாய் உண்டு. நம் சங்கத்தின் பெயரால் எழும் கட்டடம் ஒவ்வொன்றினும் மேற்கூறிய விதியை ஒப்பந்தத்தில் எழுதுவோமாக. அஃது இழப்பன்று, முதலேயாம்.