மூங்கில் துவிச்சக்கரவண்டியும் அதன் மூட்டுகளும்

மூங்கிலாற் செய்த துவிச்சக்கரவண்டி அண்மைக் காலப் புதுமை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் வரலாறு நூற்றாண்டைக் கடந்தது. 1894ஆம் ஆண்டிலேயே இலண்டன் ஸ்ரான்லி கண்காட்சியில் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1896இல் அமெரிக்காவில் ஓபேர்க், குஸ்ராவ்சன் என்னும் இருவர் மூங்கில் வண்டிக்குக் காப்புரிமை பெற்றனர்.

எனினும் சந்தையைப் பிடித்தது உருக்குக் குழாய்தான். மூங்கில் வண்டியின் இடர்ப்பாடு மூட்டுகளில் இருந்தது. ஈரத்தில் மூங்கில் விரியும், உலர்ந்தாற் சுருங்கும். உலோகப் பொருத்துகளோ அவ்வாறு அசைந்து கொடுப்பதில்லை. அவற்றினுட் செருகிய கழிகள் நாளடைவில் தளர்ந்தன.

1995இல் கலிபோர்னியாவின் வண்டி வடிவமைப்பாளர் கிறெய்க் கல்ஃபி மூங்கிலை மீண்டும் கையிலெடுத்தார். எபொக்சிப் பசையில் தோய்த்த நாரினால் மூட்டைச் சுற்றி இறுக்கும் முறை அவருடைய பட்டறையில் வளர்ந்தது. 2000களின் பிற்பகுதியில், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளரின் முயற்சியோடு, இக்கைவினை ஆபிரிக்காவின் கானாவுக்கும் சென்றது.

இன்று இவ்வண்டியை வாங்க விரும்புவோர் இவ்வரலாற்றை மனத்திற் கொள்ளல் நன்று. மூங்கில் எவ்வாறு, எத்தனை காலம் உலர்த்தப்பட்டது? பூச்சி அரிக்காதிருக்கப் பதப்படுத்தப்பட்டதா? கழியில் நெடுக்குவாட்டு வெடிப்பு உண்டா? மூட்டுகளிற் பசை இடைவெளியின்றி ஊறியுள்ளதா? மேற்பூச்சு ஈரத்தைத் தடுக்குமா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? இவற்றுக்குத் தெளிவான விடை தராத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதே மேல். ஓடும் வண்டியில் மூட்டொன்று விட்டுப்போனால் ஆபத்து ஓட்டுபவருக்கே.