"இனி விற்கமாட்டோம்" என்று கடைகள் சொன்ன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மக்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஒரு போனை, "இனி எங்கள் கடையில் விற்கமாட்டோம்" என்று கடைக்காரரே சொல்வாரா? கலவான டவுனில் யாரிடமாவது கேட்டால் சிரிப்பார்கள். ஓடுகிற சாமானை எந்த முதலாளி வேண்டாம் என்பார்? ஆனால் அப்படி நடந்திருக்கிறது. அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது.

2024 ஏப்ரல் மாதம் தென்னிந்தியாவின் பெரிய போன் கடைகள் சேர்ந்த ஒரு சங்கம், வன்பிளஸ் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மே மாதம் 1ஆம் திகதியிலிருந்து உங்கள் சாமான்களை எங்கள் கடைகளில் விற்கமாட்டோம் என்பதுதான் அதன் சாரம். சென்னையின் பூர்விகா, பெங்களூரின் சங்கீதா போன்ற பெரிய பெயர்கள் அந்தச் சங்கத்தில் இருந்தன. தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா, தெலுங்கானா, மகாராஷ்டிரா, குஜராத் என்று ஆறு மாநிலங்களில் சுமார் 4,500 கடைகள் இதில் அடங்கும் என்று பத்திரிகைகள் எழுதின.

வன்பிளஸ் சின்னக் கம்பனி இல்லை. 2013இல் சீனாவில் தொடங்கப்பட்டது. 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது கடைகளுக்கே போகவில்லை, அமேசனில் மட்டும்தான் விற்றது. அதிலும் அழைப்பு கிடைத்தவருக்குத்தான் போன். கேட்டும் கிடைக்காத சாமானுக்கு மவுசு கூடும் அல்லவா? பெயர் எடுத்த பிறகுதான் கடைகளுக்கு வந்தது.

கடைகள் சொன்ன குறைகள் மூன்று.

முதலாவது, லாபம் மிகக் குறைவு. கடை வாடகை, ஆட்களின் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் ஏறும்போது அந்த லாபத்தில் கடை நடத்தமுடியாது என்றார்கள்.

இரண்டாவது, வாரன்டி. பழுதான போனைத் தூக்கிக்கொண்டு வாங்கியவர் வந்து நிற்பது கடை வாசலில்தான். கம்பனியின் முகம் அவருக்குத் தெரியாது, கடைக்காரரின் முகம்தான் தெரியும். ஆனால் வாரன்டிக் கோரிக்கைகளைக் கம்பனி இழுத்தடிக்கிறது, ஏச்சு மட்டும் எங்களுக்கு என்றார்கள்.

மூன்றாவது, நன்றாக ஓடும் மொடல் வேண்டும் என்றால் ஓடாத சாமானையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்ற கட்டாயம். இதை நமக்கு விளக்கத் தேவையில்லை. 2021இல் பால்மா தட்டுப்பாடான நேரம், பால்மா வேண்டுமென்றால் வேறு சாமானும் வாங்கவேண்டும் என்று சில இடங்களில் கேட்டபோது நாம் எவ்வளவு கோபப்பட்டோம்! நமக்குக் கடை செய்ததைக் கடைக்குக் கம்பனி செய்கிறது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரின் தலையில் கட்டுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்தக் கடைகள் நம்மைப் போன்ற பாவனையாளர்களுக்காக மட்டும் போராடின என்று நான் சொல்லவரவில்லை. முதலாவது குறையே லாபத்தைப் பற்றியது. ஆனாலும் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு தனிக்கடை அந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் கம்பனி வேறொரு கடையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். 4,500 கடைகள் ஒரே குரலில் சொன்னபடியால்தான் அது நாடு முழுவதும் செய்தியானது.

சேர்ந்து நின்று வாங்குவது, சேர்ந்து நின்று மறுப்பது. இந்த யோசனைக்கு நீண்ட வரலாறு உண்டு. அது போனிலிருந்து தொடங்கவில்லை, மாவிலும் சீனியிலும் இருந்து தொடங்கியது.

1844 டிசம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் ஒரு சின்னக் கடை திறக்கப்பட்டது. நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் போட்டுத் திறந்த கடை. விற்றது வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ், மெழுகுதிரி அவ்வளவுதான். அந்தக் காலத்துக் கடைகளில் மாவில் கலப்படம், நிறுவையில் களவு. இவர்கள் கலப்படம் இல்லாத சாமானைச் சரியான நிறுவையில் கொடுத்தார்கள். வருகிற லாபத்தை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். வாங்குகிறவர்களே கடையின் சொந்தக்காரர்கள். உலகத்தின் கூட்டுறவுக் கடைகளெல்லாம் அந்தக் கடையைத்தான் முன்மாதிரியாகச் சொல்கின்றன.

நமது நாட்டில் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது 1911இல். ஆனால் நமது பெரியவர்கள் சொல்லும் "சங்கக் கடை" பெருகியது இரண்டாம் உலக யுத்தத்தில். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. கூப்பன் முறை வந்தது. ஊருக்கு ஊர் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன. அந்தக் கடைகளுக்கு மொத்தமாகச் சாமான் கொடுக்க 1943இல் உருவானதுதான் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், அதாவது நமது சதொச. 1949இல் அதற்கென்று தனிச்சட்டம் வந்தது.

தோட்டங்களில் கதை வேறு. அங்கே அரிசி தோட்ட நிர்வாகத்தின் கையால் வந்தது, சம்பளத்தில் கழிக்கப்பட்டது. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்ற தெரிவே அந்த மக்களுக்கு இருக்கவில்லை. இதை நாம் மறக்கக்கூடாது.

டவுன் பக்கத்திலும் சங்கக் கடை மெல்ல மெல்ல அரசாங்கம் பங்கிடும் கையாக மாறியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் வரிசையில் நின்ற கதையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெயரளவில் எல்லோரும் சங்கத்தின் உறுப்பினர்கள். ஆனால் "இது வேண்டாம், அதைக் கொண்டுவா" என்று சொல்லும் குரல் உறுப்பினரிடம் இருக்கவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் ரேடியோ, கெசட், டிவி என்று கடைகள் நிறைந்தன. சங்கக் கடை பின்தங்கியது. சேர்ந்து வாங்கும் பழக்கமும் அதோடு கரைந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் உறுப்பினர் கடையை வேறு விதமாகத் தொடங்கினார். சொல் பிரைஸ் என்ற அந்த வியாபாரி 1976இல் சான் டியேகோ நகரில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் "பிரைஸ் கிளப்" என்ற கடையைத் திறந்தார். உள்ளே போகவே வருடத்துக்கு 25 டொலர் சந்தா கட்டவேண்டும். முதலில் வந்தவர்கள் சின்னக் கடைக்காரர்களும் சாப்பாட்டுக் கடைக்காரர்களும்தான். அலங்காரம் இல்லை, சாமான் பெட்டியோடு அடுக்கியிருக்கும், மொத்தமாக வாங்கவேண்டும். அவரிடம் வேலை பழகிய ஜிம் சினிகல் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து 1983இல் சியாட்டில் நகரில் திறந்ததுதான் கொஸ்ட்கோ. 1993இல் இரண்டும் ஒன்றாயின. (இது கூட்டுறவு இல்லை, பங்குதாரர்களின் கம்பனி. ஆனால் சந்தா கட்டியவருக்குப் பதில் சொல்லவேண்டிய கம்பனி.)

கொஸ்ட்கோவின் கணக்கு எளிமையானது. வாங்கிய விலைக்கு மேல் நூற்றுக்கு 14, தன் சொந்தப் பெயரில் வரும் சாமானுக்கு 15, அதற்கு மேல் வைப்பதில்லை என்பது அவர்களின் விதி. லாபத்தின் பெரும் பகுதி சந்தாப் பணத்திலிருந்தே வருகிறது. சாதாரண சுப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரம் வகைச் சாமான் இருக்கும், இங்கே சுமார் 4,000 வகைதான். அதனால் அந்த ராக்கையில் இடம் பிடிக்கக் கம்பனிகளுக்குள் போட்டி. விலைக்குச் சரிவராத கம்பனியின் இடம் இன்னொன்றுக்குப் போய்விடும்.

2009 நவம்பரில் கொக்கா கோலாவுக்கே அது நடந்தது. உறுப்பினர்களுக்கு நியாயமான விலையில் கொடுக்கமுடியாமல் இருக்கிறது என்று சொல்லி, கொஸ்ட்கோ கொக்கா கோலா வாங்குவதை நிறுத்தியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பரில் பேசி முடித்து மறுபடி அடுக்கினார்கள்.

அடுத்த வருடம், 2010இன் கடைசியில், அப்பிளின் முறை. ஐபாட் உலகமெங்கும் கொடிகட்டிப் பறந்த நேரம். கொஸ்ட்கோ அப்பிள் சாமான்களைக் கைவிடுகிறது என்ற செய்தி வந்தது. கடையில் விற்பதோடு தன் இணையத்தளத்திலும் விற்கவேண்டும் என்று கொஸ்ட்கோ விரும்பியது, அதற்கு அப்பிள் இடம்கொடுக்கவில்லை என்பதுதான் அன்று பேசப்பட்ட காரணம். அப்பிளோ தன் சாமான் எங்கே, எப்படி விற்கப்படவேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பான கம்பனி. 2001இலிருந்து சொந்தக் கடைகளும் வைத்திருந்தது. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

யார் வென்றார்? கொஸ்ட்கோ இல்லாமலும் அப்பிள் வளர்ந்தது. அப்பிள் இல்லாமலும் கொஸ்ட்கோவில் சனம் குறையவில்லை. சில வருடங்களில் பேசிச் சரிசெய்து, அப்பிள் மறுபடி அங்கே வந்தது, இன்றும் விற்கிறது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அது இல்லாமல் கடை நடக்கும் என்பது அந்த இடைவெளியில் தெரிந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. டிவி, கம்பியூட்டர் போன்றவற்றுக்குக் கம்பனி கொடுக்கும் வாரன்டியை இரண்டு வருடமாக நீட்டி, 90 நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் பணத்தையும் கொடுக்கும் கடை அது. பொறுப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்ட கடைக்குத்தான் கம்பனியிடம் "முடியாது" என்று சொல்லும் உரிமை வருகிறது.

இப்போது நமது ஊருக்கு வருவோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. படிப்பு வட்ஸ்அப்பிலும் சூமிலும் என்றாகிவிட்டது. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. ஒரு சாதாரண போனுக்கே ஒரு மாத உழைப்பு முழுவதும் போகும். அதே வருடம் செப்டம்பரில் மத்திய வங்கி 623 வகை இறக்குமதிச் சாமான்களுக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே வைப்பிலிடவேண்டும் என்றது, அதில் போனும் இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. போன் விலை எங்கே போனது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அன்று கடன்பட்டு, நகையை அடகு வைத்து, தவணைக்கு எடுத்து பிள்ளைகளுக்குப் போன் வாங்கிக்கொடுத்த பெற்றோர் எத்தனை பேர்! அதில் சில போன்கள் மூன்று மாதத்தில் நின்றுபோயின. கொண்டுபோய்க் கேட்டால் கடையில் "கம்பனிக்கு அனுப்பவேண்டும்" என்பார்கள், கம்பனியில் "தண்ணீர் பட்டிருக்கிறது" என்பார்கள். மழையும் வெள்ளமும் நமக்குப் புதிதா? 2003 மே, 2017 மே வெள்ளங்களை மறந்தவர் இங்கே உண்டா? போன் திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளைக்கு வகுப்பு இல்லை. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

நமது டவுன் கடைக்காரர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களும் இரண்டு கல்லுக்கு நடுவில்தான். ஒரு சின்னக் கடை கொழும்பு இறக்குமதியாளரிடம் "வாரன்டியை ஒழுங்காகத் தா, இல்லாவிட்டால் உன் சாமான் வேண்டாம்" என்று சொன்னால் யார் கேட்பார்? ஆனால் கலவான, நிவித்திகல, இரத்தினபுரி கடைகள் பத்து இருபது சேர்ந்து சொன்னால்? தென்னிந்தியக் கடைகள் செய்தது அதுதான்.

கடைகள் சேரும்வரை நாம் செய்யக்கூடியது சில உண்டு.

பில் இல்லாமல் போன் வாங்காதீர்கள். பில்லில் மொடலும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமும் இருக்கட்டும். போனில் *#06# அழுத்தினால் 15 இலக்கங்கள் வரும், பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு மெசேஜ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிவான போனா என்று தெரியும்.

வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வாரன்டி கடையினுடையதா, கம்பனியினுடையதா? திருத்தும் இடம் இரத்தினபுரியிலா, கொழும்பிலா? அனுப்பினால் எத்தனை நாள்? பதிலை வாரன்டிக் காட்டில் எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற சாமானை வைத்துவிட்டு வாருங்கள். அந்த நேரம் "வேண்டாம்" என்று சொல்வது நீங்கள்தான்.

அநியாயம் நடந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது. தோட்டத்துப் பெற்றோருக்கு மொழி, எழுத்து, நேரம் மூன்றும் தடை. முறைப்பாடு எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை முடிந்த பிறகு பில்லோடு வாருங்கள், எழுதித் தருகிறேன்.

போன் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. எந்தக் கம்பனி வாரன்டியை ஒழுங்காகத் தருகிறது, எது இழுத்தடிக்கிறது என்பது ஊரிலேயே உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒருநாள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பேச முடியாதா? ரொச்டேலில் தொடங்கியவர்கள் வெறும் 28 பேர்தான். கலவான டவுனில் அந்தளவு பேரைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை.