நேமா என்றொரு பெயர்

தாருஸ்ஸலாம் நகரில் தொழில் புரியும் ஒருவர் விடுமுறையில் பெரிய முதலியார்சாவடிக்கு வந்திருந்தார். தம் பெண் குழந்தையின் திருமுழுக்குக்கு நாள் குறிக்க வந்தபோது, 'நேமா' என்று பெயரிட வேண்டும் என்றார். உடன் வந்த பாட்டி முகம் சுளித்தார். "இது எந்தப் புனிதையின் பெயர் சாமி? பிள்ளைக்கு நாம விழா எந்த நாளில்?"

நியாயமான கேள்விதான். பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் இடாவிடில், பங்குக் குருவே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்போ, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் ஆகாது என்பதோடு நின்றுகொண்டது. ஆகவே பெயரின் பொருளைத் தேட வேண்டியதாயிற்று.

நேமா சுவாஹிலிச் சொல். சுவாஹிலி என்னும் பெயரே 'கரைகள்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லில் பிறந்தது; கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோர மக்களின் மொழி அது. குடும்பத்தால் பாந்து மொழியேயாயினும், பருவக்காற்றில் பாய்மரம் விரித்து வந்த வணிகரோடு நூற்றாண்டுக்கணக்கில் பழகியதால் அரபுச் சொற்கள் அதில் மலிந்தன. கொடை, அருள் என்னும் பொருளுடைய 'நிஃமா' அங்கே நேமா ஆயிற்று. தூய ஆவி சபைக் குருக்கள், அடிமை வாணிபம் நடந்த அதே கரையில், பாகமோயோ என்னுமிடத்தில், 1868இல் மறைப்பணி தொடங்கி, மீட்கப்பட்ட அடிமைகளைக் குடியமர்த்தினர். இஸ்லாமியர் நாவில் புழங்கிய சொல்லாயிற்றே என்று திருச்சபை அதை ஒதுக்கவில்லை. மங்கள வார்த்தை செபத்தில் அன்னை மரியாவை நேமா நிறைந்தவர் என்றே அம்மக்கள் வாழ்த்துகின்றனர்.

நம் முன்னோரோ பெயர்களையே மொழிபெயர்த்தனர். யோவான் என்னும் எபிரேயப் பெயருக்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது பொருள், ஆகவே அருளப்பர். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானைக் கருணையன் என்றார்; சூசையப்பரை வளன் என்றார். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், எனவே சின்னப்பர். 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோவான், பவுல் என்றே எழுதுகிறது. சபைகளின் ஒற்றுமைக்கு அது தேவைதான். ஆயினும் சின்னப்பன் என்ற பெயருடைய இளைஞரே அது பவுலடியாரின் பெயர் என்றறியாதிருப்பதைக் காணும்போது எனக்குச் சற்று வருத்தமுண்டு.

பாட்டியின் பெயரிலும் அருள் இருந்தது. "உங்கள் பெயரைத்தானே அம்மா பேத்திக்கு வைக்கிறார்கள்" என்றேன். சிறிது யோசித்தவர், "அப்படியானால் அருள் என்றே வைக்கலாமே சாமி" என்றார்.

பதிவேட்டில் நேமா மரியா என்று எழுதினேன். பாட்டி மட்டும் அருளு என்றே கூப்பிடுகிறாராம்.