லாரி வந்தது, ஒட்டகம் போயிற்று

வல்லக்கோட்டை முருகனைத் தரிசித்துவிட்டு ஒரகடம் சாலைக்கு வந்தேன். புத்தம் புது லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஒட்டகங்களின் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

1860-ல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் மெல்போர்னில் போய் இறங்கின. பர்க், வில்ஸ் என்பவர்களின் கண்டம் கடக்கும் யாத்திரைக்காக. பின்னால் ஆயிரக்கணக்கில் போயின. தந்திக் கம்பம், கம்பளி மூட்டை, தண்ணீர் எல்லாம் அவற்றின் முதுகில்தான். ஓட்டியவர்கள் பெஷாவரோ பலுசிஸ்தானோ, வெள்ளைக்காரன் வாயில் எல்லோரும் 'ஆப்கானியர்'.

1920-களில் லாரி வந்து அந்தப் பிழைப்பைப் பறித்தது. 1925-ல் தெற்கு ஆஸ்திரேலிய சர்க்கார், கேட்பாரற்றுத் திரியும் ஒட்டகங்களைக் கொல்லச் சட்டமே போட்டது. கூட உழைத்த பிராணியைச் சுட மனமில்லாமல் பலர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்தக் கருணை பாலைவனத்தில் பல்கிப் பெருகிற்று. 2009 முதல் 2013 வரை சுமார் 1,60,000 ஒட்டகங்களைக் கொன்றார்கள், பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு. 2020 ஜனவரியில், கடும் வறட்சியில், இன்னும் 5,000-க்கு மேல். அந்த முறை அதற்கு உத்தரவு கொடுத்தவர்கள் அங்குள்ள ஆதிக்குடி மக்களே. குழாயை உடைத்து, வேலியைச் சாய்த்து, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டனவாம்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த ஒட்டகங்கள் தேடி வந்ததும் தண்ணீரைத்தானே?