உள்ளூர்க்காரனா, அசலூர்க்காரனா?

சென்ற வாரம் உங்களை மெஹர்பூர் வயல் வரப்பில் நிறுத்திவிட்டுப் போனேன். திட்டித் தீர்த்திருப்பீர்கள். வாருங்கள், வயலில் இறங்குவோம்.

2016 பிப்ரவரி. வங்கதேசத்துக் கோதுமை வெளுத்து நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அறுவடைக்கு வந்த பயிர். கதிரை உருவினால் கையில் வருவது பதர். பாழானது சுமார் 15,000 ஹெக்டேர். நோய் பரவாமலிருக்க வயல்களுக்கே தீ வைக்கிறார்கள்.

குலைநோய் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆசியாவில் அது கோதுமையைத் தொட்டதே இல்லை. 1985-ல் பிரேசிலில் தலைகாட்டி, தென் அமெரிக்காவோடு நின்றிருந்த நோய் அது.

இன்னொரு சிக்கல். நெல்லைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சை இந்த மண்ணில் ஏற்கெனவே உண்டு. இரண்டும் ஒரே இனம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பங்காளிகளைப் போல ஒரே ஜாடை!

நெல்லில் இருந்தவன் கோதுமைக்குத் தாவிவிட்டானா? கடல் கடந்து வந்தவனா?

தாவியவன் என்றால், நாட்டிலுள்ள ஒவ்வொரு நெல் வயலும் நோய்க்கிடங்கு. தப்ப வழியில்லை. வந்தவன் என்றால் பிழைக்கலாம். தென் அமெரிக்காவில் தாக்குப்பிடிக்கும் ரகங்களைத் தேடலாம். துறைமுகத்தில் தானியத்தைச் சோதிக்கலாம்.

வங்கதேசத்தின் காசிப்பூர் வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் தோஃபசல் இஸ்லாம், இங்கிலாந்தின் நாரிச் நகரில் இருந்த ஆய்வாளர் சோபியன் கமூனோடு கைகோத்தார். பூஞ்சையைத் தனியே பிரித்து, வளர்த்து, பிறகு ஆராய்வது பழைய வழி. நாள் பிடிக்கும். இவர்கள் நோயுற்ற இலையையே நேராகப் படித்தார்கள். இலையிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வில் கோதுமையின் எழுத்தும் இருக்கும், பூஞ்சையின் எழுத்தும் இருக்கும். எந்திரம் இரண்டையும் கலந்தே படித்துக் கொட்டும். எது யாருடையது என்று கணினி பிரிக்கும்.

தரவு கைக்கு வந்தது.

இந்தத் தொடரின் முக்கியமான தருணம் இதுதான். தரவைப் பூட்டிவைத்து, கட்டுரை எழுதி, அப்புறம் வெளியே காட்டுவது ஆய்வுலக வழக்கம். குறை சொல்ல முடியாது. பதவி, நிதி, பேர் எல்லாம் அந்தக் கட்டுரையில்தான் தொங்குகிறது. முந்திக்கொள்பவருக்கே மாலை.

இவர்கள் பூட்டவில்லை.

தாங்களே அலசி முடிக்கும் முன்பே அத்தனையையும் இணையத்தில் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வயல் எரிந்துகொண்டிருக்கும்போது பேருக்காகக் காத்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் இருந்த ஆய்வாளர் டேனியல் குரோல் அதை எடுத்தார். கோதுமை, நெல், புல் என்று பல பயிர்களில் கிடைத்த பூஞ்சைகளோடு ஒப்பிட்டார். வம்சாவளி மரம் வரைந்தார். புதியவன் எந்தக் கிளையில் உட்காருவான்?

நெல் கிளையில் இல்லை.

பிரேசில் கோதுமைப் பூஞ்சைகளுக்கு நடுவே இருந்தான்!

அசலூர்க்காரன்தான். இறக்குமதித் தானியத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. கோதுமைப் பூஞ்சையிடம் மட்டுமே உள்ள டி.என்.ஏ. துண்டுகளைத் தேடும் வேலையும் சூடுபிடித்தது. அவை கிடைத்தால், காகிதப் பட்டையில் தெரியும் ஒரு கோட்டைக் கொண்டே வயலோரத்தில் நோயைச் சொல்லிவிடலாம். இஸ்லாமும் சீன ஆய்வாளர்களும் அப்படியொரு சோதனையைச் செய்தும் காட்டினார்கள். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

பூஞ்சை அதுவரை பொறுக்குமா?

2017. எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்திலும் நதியாவிலும் கோதுமைக் கதிர்கள் வெளுப்பதாகச் செய்தி வந்தது. அதிகாரிகள் ஓடினார்கள். கையில் எடுத்துப்போனது பரிசோதனைக் கருவியா, தீப்பெட்டியா?

அடுத்த வாரம் சொல்கிறேன்.