பொன்வேடம் பூண்ட பித்தளை

கழகத்தின் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டு வந்தபோது, சோழர் காசுகளைப் பற்றியே எழுதுவேன் என்று எண்ணியிருந்தார்கள். அதை எழுத வல்ல பெரியோர் நம் நாணயக் கழகத்தில் பலர் உண்டு. எனவே, காசு சேர்ப்போர் பலரும் ஓரமாய் ஒதுக்கிவிடும் ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் சீட்டாட்ட மேசைகளில் பொற்காசு வேடத்தில் உலவிய பித்தளை வில்லைகளே அவை. அவை போலி செய்த பழைய ஆங்கிலப் பொற்காசான கினியின் வரலாற்றைக் கழகத்தார் அறிவார்கள். அதை இங்கே விரிக்கவில்லை.

சூதும் நம் நூல்களும்

ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்து 34ஆம் சூக்தம் முழுவதும் சூதாடி ஒருவனின் புலம்பல். அவன் உருட்டியவை தான்றிக்காய்கள். மகாபாரதத்துச் சபாபருவத்தில் தருமர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் இழந்து, இறுதியில் பாஞ்சாலியையும் பணயம் வைத்தார். திருவள்ளுவர் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கே ஒதுக்கி, சூதில் வரும் வெற்றியைத் மீன் தூண்டிலை விழுங்குவதற்கு ஒப்பிட்டார்.

தருமர் பணயப் பொருளைப் பெயர் சொல்லியே வைத்தார். அதற்கு மாற்றாக எந்த வில்லையும் இல்லை. ஆங்கிலேயரோ ஆடும்போது வில்லையை வைத்தார்கள், ஆட்டம் முடிந்ததும் கணக்குத் தீர்த்தார்கள். போவது பணம் என்ற உறுத்தல் இதனால் குறைந்தது. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் லிடியா, தான் இழந்த மீன்களையும் வென்ற மீன்களையும் பற்றி ஓயாமல் பேசுகிறாள். அவை மீன் வடிவ ஆட்டவில்லைகள். இழப்பை விளையாட்டாக்கும் வித்தையை அவள் பேச்சில் காணலாம்.

கையில் எடுத்துப் பார்த்தால்

என் சேகரிப்பில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். முன்புறம், வாகை சூடிய மூன்றாம் ஜார்ஜ் வலப்பக்கம் நோக்குகிறார். பின்புறம், முடியின் கீழே மண்வெட்டி முகம் போன்ற கேடயம். 1787 முதல் 1799 வரை வெளிவந்த 'ஸ்பேடு கினி'யின் அச்சு அசல் தோற்றம். ஆனால் அரசரின் பட்டங்களை முதலெழுத்துகளாக அடுக்கிய இலத்தீன் வரி இருக்க வேண்டிய இடத்தில், 'நல்ல பழைய நாட்களின் நினைவாக' என்ற பொருளில் ஆங்கில வாசகம் ஓடுகிறது. கீழே 1768 என்று ஆண்டு. அந்தக் கேடயம் கினியில் ஏறியதே 1787இல்தான்! ஆண்டே வில்லையின் வேடத்தைக் கலைத்துவிடுகிறது.

எடையும் பொய் சொல்லாது. கினி சுமார் 8.4 கிராம். பித்தளையின் அடர்த்தி 22 காரட் தங்கத்தில் ஏறக்குறைய பாதிதான். வில்லையின் தகடோ பெரும்பாலும் மெல்லியது. உள்ளங்கையில் வைத்த உடனே தெரிந்துவிடும்.

எந்த நல்ல நாட்களை நினைத்தார்கள்? 1797இல் இங்கிலாந்து வங்கி தன் பணத்தாளுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்தியது. 1814க்குப் பின் கினியே அச்சாகவில்லை. 1817இல் சவரன் என்ற பொற்காசு வந்தது. மறைந்த கினியின் நினைவைப் பர்மிங்காம் பட்டறைகள் பித்தளையில் வார்த்து விற்றன. வணிகர்களும் விளிம்பில் தம் கடைப்பெயரையும் முகவரியையும் பொறித்து விளம்பரமாக வழங்கினார்கள். துளையிட்டுக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டவர்களும் உண்டு.

ஹனோவருக்குப் போன கோமகன்

1837இல் விக்டோரியா அரியணை ஏறினார். ஆண்வாரிசு இருக்கையில் பெண் ஆள முடியாது என்பது, அதுவரை இங்கிலாந்து அரசரே ஆண்ட ஹனோவர் நாட்டு மரபு. ஆகவே அவ்வரசு அவருடைய சிற்றப்பன் கம்பர்லாந்து கோமகனிடம் சென்றது. மக்கள் விரும்பாத அந்த மனிதரைக் கேலி செய்து 'ஹனோவருக்கு' என்ற வாசகத்தோடு வில்லைகள் வந்தன. 1817 சவரனில் பிஸ்ட்ருச்சி செதுக்கிய புனித ஜார்ஜை நினைவூட்டும் குதிரை வீரன் அதில் உண்டு. ஆனால் இவன் தலையில் மணிமுடி இருக்கும். அளவும் ஏறக்குறைய சவரனே என்பதால், ஏமாற்றுக்காரர்கள் அதைச் சவரனாகத் தள்ளிவிட்டார்கள். நாணயத்தை ஒத்த பதக்கங்களைத் தடுக்க 1883இல் தனிச் சட்டமே வந்தது. ஜெர்மானிய வில்லைகள் பலவற்றில் 'ஸ்பீல் மார்க்கே', அதாவது ஆட்டவில்லை, என்று பொறித்திருக்கும். அமெரிக்கப் பொற்காசை ஒத்தவற்றிலும் இதைக் காணலாம்.

சேர்ப்போருக்கு

ஹாக்கின்ஸ் தொகுத்து 1989இல் வெளிவந்த வில்லை செய்தோர் அகராதி இத்துறைக்குப் பெருந்துணை. இளையோர் அதைத் தேடிப் படிக்க வேண்டும். வில்லையைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பழைய மேற்பூச்சு போனால் சான்றும் போயிற்று. எடை, விட்டம், வாசகம், ஆண்டு, துளை அனைத்தையும் குறித்து வையுங்கள். அறியாதவரிடம் பொற்காசு என்று சொல்லி ஒன்றையும் கைமாற்றாதீர்கள். பித்தளையைப் பித்தளை என்று சொல்லி விற்பவனே நாணயம் சேர்க்கத் தகுதியுள்ளவன்.