பாதிக் கதையில் வந்த கோபம் - மார்வெலின் ‘சிவில் வார்’ (2006-07)

வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்தவர்களுக்கு ‘தொடரும்’ என்ற ஒற்றை வார்த்தையின் கொடுமை தெரியும். அடுத்த வாரம் மிச்சக் கதை வந்துவிடும் என்பதுதான் அதில் இருக்கும் ஒரே ஆறுதல். அந்த அடுத்த அத்தியாயமே சொன்ன தேதிக்கு வராது, இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்று அறிவிப்பு வந்தால்? பத்திரிகையின் மற்ற சில தொடர்களும் இந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றால்? 2006 ஆகஸ்டில் அமெரிக்க காமிக்ஸ் வாசகர்களுக்கு இதுதான் நடந்தது.

கதையின் பெயர் ‘சிவில் வார்’. 2016-இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். ஆனால் படம் வேறு, காமிக்ஸ் வேறு. படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காமிக்ஸ் முடிய ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. நடுவில் வாசகர்கள் பட்ட பாடு தனிக் கதை.

முதலில் கொஞ்சம் பின்னணி

ஒரு நிறுவனத்தின் பல நாயகர்களை ஒரே கதைக்குள் கொண்டுவந்து, அந்தக் கதையை அவரவர் சொந்த இதழ்களிலும் கிளை பரப்பி விடுவதற்கு ‘கிராஸ்ஓவர்’ என்று பெயர். மார்வெல் 1984-85இல் 12 இதழ்களாக வெளியிட்ட ‘சீக்ரெட் வார்ஸ்’, டிசி 1985-86இல் அதே 12 இதழ்களாக வெளியிட்ட ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ இரண்டும்தான் இந்த வியாபாரத்துக்குப் பாதை போட்டவை. ஸ்பைடர் மேன் மட்டும் வாங்குகிற வாசகரை நான்கு வேறு இதழ்களும் வாங்க வைக்க வேண்டும். அதுதான் கணக்கு.

‘சிவில் வார்’ அந்தக் கணக்கின் பெரிய உதாரணங்களில் ஒன்று. எழுதியவர் மார்க் மில்லர், வரைந்தவர் ஸ்டீவ் மெக்னிவன். மூலத் தொடர் 7 இதழ்கள். 2006 மே மாதம் தொடங்கி மாதம் ஒன்றாக வந்து நவம்பரில் முடிய வேண்டும் என்பது திட்டம். அதைச் சுற்றி ‘அமேசிங் ஸ்பைடர் மேன்’, ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’, ‘வோல்வரின்’, ‘நியூ அவெஞ்சர்ஸ்’ என்று டஜன் கணக்கில் கிளைக் கதைகள். இது போதாதென்று ‘சிவில் வார்: ஃப்ரண்ட் லைன்’ என்று பத்திரிகையாளர்கள் பார்வையில் இன்னொரு தொடர்.

கதை இதுதான். ‘ரியாலிட்டி ஷோ’ ஒன்றுக்காக வில்லன்களைத் துரத்திப் பிடிக்கும் இளம் நாயகர் குழு, கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்ட் நகரத்தில் நைட்ரோ என்ற வில்லனிடம் மோதுகிறது. அவன் வெடிக்கிறான். பள்ளிக் குழந்தைகள் உட்பட 600 பேருக்கு மேல் சாகிறார்கள். மக்கள் கொதிக்கிறார்கள். சக்தி படைத்த எல்லோரும் அரசாங்கத்திடம் உண்மைப் பெயரைப் பதிவு செய்து, பயிற்சி பெற்று, அரசின் கீழ் வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் வருகிறது. அயர்ன் மேன் சட்டத்தின் பக்கம். கேப்டன் அமெரிக்கா எதிர்ப் பக்கம்.

“நீங்கள் யார் பக்கம்?”

விளம்பரத்தில் மார்வெல் கேட்ட கேள்வி இதுதான். சாதாரண விளம்பர வாசகம் போலத் தெரியலாம். ஆனால் இது வாசகரைக் கதைக்குள் இழுத்துவிட்ட கேள்வி. வழக்கமான சூப்பர் ஹீரோ கதையில் யார் பக்கம் நிற்பது என்று யாரும் கேட்க மாட்டார்கள், நாயகன் பக்கம்தான். இங்கே இரண்டு பக்கமும் நாயகர்கள்.

காலமும் அப்படி. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ‘பேட்ரியாட் சட்டம்’ வந்தது. குவாண்டனாமோவில் விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்து வைத்தார்கள். பாதுகாப்புக்காகச் சுதந்திரத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது அன்றாட வாதமாக இருந்த நேரம். கதையிலும் பதிவு செய்ய மறுத்தவர்களுக்காக, வேறொரு பரிமாணத்தில் ‘42’ என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட சிறை கட்டப்பட்டது. எதற்கு எது உவமை என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஜூனில் இரண்டாவது இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில் பத்திரிகையாளர்கள் முன்னால் ஸ்பைடர் மேன் முகமூடியைக் கழற்றி, தன் பெயர் பீட்டர் பார்க்கர் என்கிறார். 1962-இல் பிறந்த பாத்திரம். 44 வருடமாகக் காப்பாற்றிய ரகசியம். ஒரு பக்கம் பிரமிப்பு. இன்னொரு பக்கம், “இதை எப்படியும் திருப்பிப் போட்டுவிடுவார்கள், எதற்கு இந்த வேஷம்?” என்று அனுபவப்பட்ட வாசகர்களின் சலிப்பு. இந்த இரண்டாவது கூட்டத்தை மறந்துவிட வேண்டாம், கடைசியில் வருவார்கள்.

ஜூலையில் மூன்றாவது இதழ். சமாதானம் பேச வந்த அயர்ன் மேனின் கையைக் குலுக்குவது போலக் குலுக்கி, அவர் கவசத்தைச் செயலிழக்க வைக்கும் கருவியை ஒட்டிவிடுகிறார் கேப்டன் அமெரிக்கா. பதிலுக்கு அயர்ன் மேன் அவரை ரத்தம் சொட்டச் சொட்ட அடிக்கிறார். இறந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த தோர் மின்னலோடு வந்து இறங்குகிறார். தொடரும்...

முதல் கோபம்: “இது எங்கள் டோனி இல்லை”

பாதியை நெருங்கும்போதே வாசகர்களின் புகார் தெளிவாக இருந்தது. சட்டம் சரியா தவறா என்பதல்ல அது. “டோனி ஸ்டார்க் இப்படிச் செய்வாரா? ரீட் ரிச்சர்ட்ஸ் நண்பர்களைச் சிறையில் தள்ளுவாரா?” என்பதுதான். அயர்ன் மேன் 1963-இல் பிறந்தவர். இருபது, முப்பது வருடமாக மாதாமாதம் காசு கொடுத்து அவரைப் படித்துவந்த ஒருவருக்கு, அவர் எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று தெரியும். நேற்று வந்த எழுத்தாளரைவிடத் தனக்கு அதிகம் தெரியும் என்றே நினைப்பார். அதில் தப்பும் இல்லை.

இன்னொரு சிக்கல், பல எழுத்தாளர்கள் ஒரே சட்டத்தைப் பற்றி எழுதியது. ஓர் இதழில் அது வாகன ஓட்டுநர் உரிமம் மாதிரி நியாயமான ஏற்பாடாகத் தெரியும். இன்னொரு இதழில் கட்டாய ராணுவச் சேவை மாதிரி. “யார் பக்கம்?” என்று கேட்டுவிட்டு, எதைப் பற்றிய பக்கம் என்று ஒழுங்காகச் சொல்லாவிட்டால் எப்படி? இரண்டு தரப்புக்கும் சம நியாயம் என்று ஆரம்பித்தது, கிளைக் கதைகள் வர வர அயர்ன் மேனை வில்லனாக்கிக்கொண்டே போனது என்பது பரவலான குறை.

இரண்டாவது கோபம்: தேதி

ஆகஸ்டில் மார்வெல் அறிவித்தது: நான்காவது இதழ் செப்டம்பருக்குத் தள்ளிப்போகிறது, ஐந்தாவது நவம்பருக்கு. மூலத் தொடரில் நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பதால் ‘ஃப்ரண்ட் லைன்’, ‘அமேசிங் ஸ்பைடர் மேன்’ போன்ற இதழ்களும் தள்ளிப்போயின. ஒரு ரயில் நின்றால் பின்னால் வரும் ரயில்களும் நிற்கிற கதைதான்.

காரணம் எளிமையானது. மெக்னிவனின் படங்கள் நுணுக்கமானவை, ஒரு பக்கத்தில் முப்பது நாயகர்கள் சண்டை போடுவார்கள், அதற்கு நேரம் பிடிக்கும். வேறு ஓவியரை வைத்து நடுவில் ஓர் இதழை முடித்திருக்கலாம், அந்தத் தொழிலில் அது சகஜம். தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவும் தொடரின் ஆசிரியர் டாம் பிரீவூர்ட்டும் இருந்த மார்வெல் தரப்பு அதைச் செய்யவில்லை. ஒரே ஓவியர் வரைந்த ஒரே புத்தகமாக இது பின்னால் வருடக்கணக்கில் விற்கும், அதற்காக இப்போது திட்டு வாங்கலாம் என்று முடிவெடுத்தார்கள்.

சரி, அந்தக் காத்திருப்பின் செலவை யார் கட்டினார்கள்?

இங்கேதான் அமெரிக்க காமிக்ஸ் வியாபாரத்தின் விசித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மூர்ப் பெட்டிக்கடையில் விற்காத வாரப் பத்திரிகையை ஏஜென்டிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். அங்கே காமிக்ஸ் கடைக்காரர் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. அதற்குப் பதிலாக அவருக்குக் கழிவு அதிகம். அப்போது கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்பே எத்தனை பிரதி வேண்டும் என்று டயமண்ட் என்ற விநியோக நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டியிருந்தது. அந்நாளில் மார்வெல் இதழ்கள் கடைகளுக்கு வர அது ஒன்றுதான் வழி. முதல் இதழ் எப்படிப் போகிறது என்று தெரியும் முன்னரே இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆர்டர் போயிருக்கும். விற்காவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்கு.

அப்படிப்பட்ட கடைக்கு, புதன்கிழமைதோறும் வாடிக்கையாளரை இழுத்து வரும் முக்கியமான சரக்கே வரவில்லை, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றதும் வரவில்லை என்றால்? வாடகை தள்ளிப்போகாது, சம்பளம் தள்ளிப்போகாது. வாசகர் இழந்தது ஒரு மாதப் பொறுமை. கடைக்காரர் இழந்தது ஒரு மாத வருமானம். நீண்ட கால லாபம் பதிப்பாளருக்கு, குறுகிய கால நஷ்டம் சின்னக் கடைகளுக்கு. வாசகர் கோபத்தைக் கல்லாவுக்கு எதிரில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டவரும் அவரேதான்!

மூன்றாவது கோபம்: கோலியாத்

செப்டம்பரில் ஒருவழியாக நான்காவது இதழ் வந்தது. வந்திறங்கிய தோர் உண்மையான தோர் இல்லை. அவருடைய மரபணுவிலிருந்து அயர்ன் மேன் தரப்பு செய்த நகல். அந்த நகல் கட்டுப்பாடு இழந்து, கேப்டன் அமெரிக்கா தரப்பில் இருந்த கோலியாத் என்ற பில் ஃபாஸ்டரைக் கொல்கிறது. ராட்சச உருவத்தில் இறந்ததால் சுருக்க முடியாமல், 30-க்கும் மேற்பட்ட கல்லறை இடங்களை வாங்கி அவரை அப்படியே புதைக்கிறார்கள்.

பில் ஃபாஸ்டர் 1966-இல் அறிமுகமான கறுப்பின விஞ்ஞானி. எழுபதுகளில் ‘பிளாக் கோலியாத்’ என்ற பெயரில் நாயகனாக இருந்தவர். இவ்வளவு பெரிய போரில் முதலில் பலியாகும் நாயகன், எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் கறுப்பின நாயகர்களில் ஒருவரா என்று வாசகர்கள் கேட்டார்கள். புகழ்பெற்ற பெயர்களைக் கொன்றால் வியாபாரம் போகும், அதிகம் விற்காத ஒருவரைக் கொன்றால் அதிர்ச்சியும் கிடைக்கும், நஷ்டமும் இருக்காது. வாசகர்களைச் சுட்டது இந்தக் கணக்குதான். “நீங்கள் யார் பக்கம்?” என்று கேட்ட கதையில், யாருடைய உயிர் மலிவு என்ற கேள்வியை வாசகர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

இந்த இதழுக்குப் பிறகு கதைக்குள்ளேயும் பலர் பக்கம் மாறினார்கள். ரீட் ரிச்சர்ட்ஸை விட்டு மனைவி சூ பிரிந்தார். ஐந்தாவது இதழில் ஸ்பைடர் மேன் அயர்ன் மேனை விட்டு விலகினார். அவர் கேட்ட கேள்விகள் வாசகர்கள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவைதான்.

பாதியில் சொன்னதும் பின்னால் நடந்ததும்

ஏழாவதும் கடைசியுமான இதழ் 2007 பிப்ரவரியில் வந்தது. வெற்றியின் விளிம்பில் இருந்த கேப்டன் அமெரிக்காவைச் சாதாரண மக்கள் பிடித்து இழுக்கிறார்கள். சுற்றிப் பார்த்து, நகரம் எரிவதைக் கண்டு சரணடைகிறார். அடுத்த மாதமே அவருடைய சொந்தத் தொடரின் 25-வது இதழில் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

பாதியில் வாசகர்கள் சொன்னவற்றில் எது பலித்தது?

தாமதம் தொடரைக் கொன்றுவிடும் என்றார்கள். பலிக்கவில்லை. ஏழு இதழ்களும் வட அமெரிக்கக் கடைகளுக்கு இரண்டு லட்சம் பிரதிக்கு மேல் போயின. பிறகு தொகுப்பு நூலாகவும் வருடக்கணக்கில் விற்றது. வியாபாரக் கணக்கில் மார்வெல் எடுத்த முடிவு சரி.

முகமூடி விஷயத்தைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள் என்றார்கள். பலித்தது. 2007 கடைசியில் முடிந்த ‘ஒன் மோர் டே’ கதையோடு பீட்டர் பார்க்கரின் ரகசியத்தை உலகம் மறந்துபோனது. சலித்துக்கொண்ட அந்தக் கூட்டம் சொன்னதுதான் நடந்தது. கேப்டன் அமெரிக்காவும் 2009-10இல் திரும்பி வந்துவிட்டார்.

அயர்ன் மேன் பெயர் இனி தேறாது என்றார்கள். 2008-இல் வந்த படம் அவரை உலகம் முழுக்கச் செல்லப்பிள்ளை ஆக்கியது.

ஆக, விற்பனையைப் பற்றி வாசகர்கள் சொன்னது தப்பு. கதையைப் பற்றி அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரி. திட்டிக்கொண்டே வாங்கினார்கள் என்று கேலி செய்வது எளிது. ஆனால் பிடிக்காத கதைக்கு யாரும் இரண்டு மாதம் கோபப்பட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். டோனி ஸ்டார்க் கெட்டுப்போகக் கூடாது, பில் ஃபாஸ்டர் வீணாகச் சாகக் கூடாது என்று நினைத்தவர்கள்தான் சண்டை போட்டார்கள். மார்வெல் வாங்கிய திட்டும் அந்த அக்கறையிலிருந்து வந்தது, மார்வெல் கல்லாவில் விழுந்த காசும் அங்கிருந்துதான் வந்தது.

விற்பனை எண்ணைப் பார்த்த நிறுவனம் எதைக் கற்றுக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோபம் விற்பனையைக் குறைக்காது என்பதைத்தான். அடுத்தடுத்த வருடங்களில் ஒரு பெரும் நிகழ்வு முடியும் முன்னமே அடுத்ததற்கு அறிவிப்பு வந்ததற்கும், ‘சிவில் வார் 2’ என்றே 2016-இல் ஒரு தொடர் வந்ததற்கும் இதில் பங்கு உண்டு.

இன்று அந்த ஏழு இதழ்களையும் ஒரே புத்தகமாக வாங்கி ஒரு மதியத்தில் படித்துவிடலாம். மூன்றாவது இதழின் கடைசிப் பக்கத்தில் தோர் வந்து இறங்குவார், பக்கத்தைப் புரட்டினால் கோலியாத் சாவார். நடுவில் இருந்த அந்த இரண்டு மாதமும், ஆகஸ்டு மாதம் முழுக்கக் கடைக்காரர் சொன்ன “இன்னும் வரலைங்க” என்ற பதிலும் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் அச்சாகியிருக்காது.